முன்னுக்குப் போன கார்

றொகான் கார் வாங்கிக் கண்டக்குழிக்குக் கொண்டுவந்தபோது, அதைப் பார்க்க வராதவர்கள் ஊரில் குறைவு. போர் முடிந்து சில வருடங்களாகியிருந்தன. பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள், கற்பிட்டிக் கரையின் காற்றைத் தேடி வரத் தொடங்கிய காலம். தகப்பன் விட்டுப்போன தென்னங்காணியில் றொகான் அவர்கள் தங்குவதற்கு ஓலை வேய்ந்த கபானாக் குடில்களைக் கட்டினான். நினைத்ததைவிட நன்றாகவே ஓடியது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வெள்ளைக் கார் ஒன்றை அந்த வருமானத்தில்தான் வாங்கினான்.

காரை முடுக்கியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் றொகானுக்குப் பெருமை அந்தக் குரலில் இல்லை, கண்ணாடியில். பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சம் பட்டால், உள்ளே நடுவில் தொங்கும் கண்ணாடியும் ஓட்டுபவர் பக்கத்து வெளிக்கண்ணாடியும் தாமாகவே மங்கிக் கருநீலமாகிவிடும். கண் கூசாது.

அதை முதலில் காட்டியது ஸலாஹுதீனுக்கு. ஸலாஹுதீன் ஆட்டோ ஓட்டுபவன். கபானாவுக்கு வருகிறவர்களைக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் ஏற்றியிறக்குகிற ஓட்டமெல்லாம் அவனுக்குத்தான். றொகான் அவனை ஓலைக் கொட்டகைக்குள் நின்ற காரின் ஓட்டுநர் இருக்கையில் இருத்தி, மனைவி சுஜாந்தியைப் பின்னால் நின்று டோர்ச் அடிக்கச் சொன்னான்.

"அல்லாஹ்! கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி இரிக்கே அண்ணன்" என்றான் ஸலாஹுதீன். "இனி ஒருத்தன்ட வெளிச்சமும் உங்களுக்குப் படாது."

"ஓம். ஹெட்லைட்ட அடிச்சு அடிச்சு எத்தினை பேர் என்னை மண்ணுக்குள்ள இறக்கியிருப்பானுகள்" என்றான் றொகான். "மோட்டார் சைக்கிள்ல போன காலமெல்லாம் நான்தானே ஒதுங்கினன்."

அது உண்மைதான். மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் பாலாவிச் சந்தை வரை ஓடிய நாட்களில், லொறிகளும் வான்களும் பின்னால் வந்து கண்ணைக் குத்தும் வெளிச்சத்தை அடித்து அவனைத் தெருவை விட்டு இறக்கியிருக்கின்றன. ஒருமுறை பெட்டியோடு விழுந்து, மீன் முழுதும் மணலாகி, அப்படியே கொட்டிவிட்டு வந்திருக்கிறான். அந்தக் கோபம் அவனுக்குள் ஆறாமல் கிடந்தது என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது.

கார் வந்து இரண்டாவது கிழமை, சிலாபத்தில் சுஜாந்தியின் தமக்கை வீட்டில் ஒரு விருந்து. பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் புறப்பட்டார்கள். தலவிலையைத் தாண்டும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. நுரைச்சோலைக்கு அப்பால் வீதி திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தைத் தோண்டிக் கல் பரப்பியிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் ஒரு வாகனம் போகலாம். முன்னால் போகிறவர் கொஞ்சம் ஒதுங்கி நின்று இடம் கொடுத்தால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம்.

அந்த இடத்துக்குள் நுழைந்ததும் பின்னால் ஒரு வெளிச்சம் வந்தது. அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து. கூடவே ஹோர்ன் சத்தம்.

"இஞ்ச பாருங்க, ஆரோ அவசரமா வாறாங்க. ஒதுங்கி விடுங்களன்" என்றாள் சுஜாந்தி.

"அவசரமெண்டா பறந்து போகட்டும்."

கண்ணாடி மங்கிப்போயிருந்தது. அந்தக் கருநீலத்துக்குள் இரண்டு மஞ்சள் பொட்டுகள் மட்டும் தெரிந்தன. எவ்வளவு அடித்தாலும் அவன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவனுக்கு ஒருவித சந்தோஷத்தைக் கொடுத்தது.

சுஜாந்தியின் பக்கத்துக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். "ஆட்டோ ஒண்டு. ஒரு பொம்புள வெளியில கைய நீட்டித் துணி ஒண்ட ஆட்டுது."

றொகான் தன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். "ஒண்டும் இல்ல. குடிச்சிட்டு வாற பொடியன்மார்."

"இல்ல, பொம்புளதான். நிப்பாட்டுங்க."

"இப்ப பார்" என்று சொல்லி அவன் பிறேக்கை மிதித்தான். எந்தத் தேவையும் இல்லாமல் மிதித்தான். பின்னால் சில்லுகள் கல்லில் தேய்கிற சத்தம் கேட்டது. சுஜாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு "ஐயோ" என்றாள். கார் ஊர்ந்தது. ஹோர்ன் நீளமாக ஒருமுறை ஒலித்தது. றொகான் இன்னொரு தடவை மிதித்தான். அதன் பிறகு ஹோர்ன் கேட்கவில்லை.

தோண்டிய பகுதி முடிந்ததும் அவன் வேகமெடுத்தான். மஞ்சள் பொட்டுகள் சிறுத்து இல்லாமல் போயின. கண்ணாடி தானாகவே தெளிந்தது. சிலாபம் போய்ச் சேரும் வரை சுஜாந்தி தன் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஸலாஹுதீன் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு கபானாவுக்கு வந்தான். குசினியில் சமையற்காரர்களும் சுஜாந்தியும் இருந்தார்கள். றொகானும் வந்து சேர்ந்தான்.

"மகன் கிடைச்சிருக்கான் அண்ணன்" என்றான் ஸலாஹுதீன். "எங்க கிடைச்சான் எண்டு கேளுங்க. ரோட்டுல! ஆட்டோக்குள்ளேயே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸலாஹுதீனின் மனைவி அப்ராவுக்கு அது முதல் பிள்ளை. பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, வலி கண்டதும் நேரே புத்தளத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். நேற்று அந்தி நேரத்தில் வலி கண்டது. ஸலாஹுதீனின் தாய் ஹவ்வா உம்மா மருமகளை மடியில் சாய்த்துக்கொண்டு பின்னால் இருந்தாள். பாலாவிக்குக் கிட்டப் போனபோது இனித் தாங்காது என்றாகிவிட்டது. உப்பளத்து வேலை முடிந்து உழவு இயந்திரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பெண்கள் ஓடிவந்து சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்தார்கள். ஆண்கள் போன் வெளிச்சம் அடித்தார்கள். கால் முதலில் வந்தது. உப்பளத்துப் பெண் ஒருத்தி பிடித்து இழுத்தெடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ். இப்ப ஆஸ்பத்திரியில" என்றான் ஸலாஹுதீன்.

"இன்னும் கொஞ்சம் வெள்ளனப் போயிருக்கலாமே" என்றாள் சமையற்காரி.

"போயிருக்கலாம் அக்கா. நுரைச்சோலைக்கு அங்கால முன்னுக்கு ஒரு கார். விடவே இல்ல. கொழும்புக் கார் போல." அவன் மஸ்கட் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து றொகானிடம் நீட்டினான். "சாப்பிடுங்க அண்ணன்."

றொகான் வாங்கி வாயில் போட்டான். மெல்லாமல் கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டான். சுஜாந்தி கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவன் கொட்டகைக்குள் போய்க் காரில் ஏறி இருந்தான். அந்தக் கண்ணாடி மங்குவதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் மனதில் இருந்தது. காரின் முன் தட்டுக்குள் கிடந்த கையேடு முழுதும் ஜப்பான் எழுத்து. படங்களைப் பார்த்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினான். ஒன்றை அழுத்த அந்தப் பெண் குரல் நீளமாக ஏதோ சொன்னது. இன்னொன்றை அழுத்தக் கதவுகள் பூட்டிக்கொண்டன. வியர்த்துப்போய்க் கண்ணாடியின் அடியைத் தடவியபோது, பச்சைப் புள்ளி ஒன்று எரிவதையும் அதன் பக்கத்தில் சின்னப் பொத்தான் இருப்பதையும் கண்டான். ஒருதரம் அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. விடாமல் அழுத்திப் பிடித்தான். பச்சை அணைந்தது.

"சுஜாந்தி, டோர்ச்சக் கொண்டு வா."

அவள் வந்து பின்னால் நின்று அடித்தாள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறித்து அவன் கண்ணில் குத்தியது. கண்ணீர் வந்தது. "சரி, நிண்டுட்டுது" என்றான், பெரிய வேலையொன்றை முடித்தவன் மாதிரி.

சுஜாந்தி டோர்ச்சை அணைத்துவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்தாள். "கண்ணாடிதான் மங்கிச்சுது, சரி. பிறேக்க மிதிச்சது கண்ணாடியா?"

அவன் அந்தச் சின்னப் பொத்தானையே விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னன். பொம்புள எண்டு சொன்னன்."

"தெரியாமத்தானே செய்தன்."

"பொடியன்மார் எண்டா மட்டும் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஊருக்கு அது சிரிப்புக் கதையாகிவிட்டது. பிள்ளைக்கு அஃப்ராஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கரையில் தோணி தள்ளுகிறவர்களும் கடையில் பாண் வாங்க வருகிறவர்களும் "ரோட்டு மாத்தயா எப்பிடி?" என்று, ரோட்டில் பிறந்த துரை என்ற கேலியில்தான் ஸலாஹுதீனைக் கேட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

சுஜாந்தி ஒருநாள் பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டு முகம் கறுத்து வந்தாள்.

"அந்தப் பிள்ள அப்ரா ஒருத்தருக்கும் முகம் காட்டுறா இல்ல. ஆர் போனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறா. என்னட்ட என்ன கேட்டா தெரியுமா? 'அங்க வெளிச்சம் புடிச்ச ஆம்புளைகள்ல நம்மட ஊர் ஆக்கள் ஆரும் இருந்தாங்களா அக்கா' எண்டு கேட்டா. கண்ண மூடினா அந்த வெளிச்சம் எல்லாம் வருதாம்."

றொகான் வாசற்படியில் இருந்தான். எழும்பவில்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள் சுஜாந்தி. "நானும் வாறன்."

"கொழும்புக் கார் எண்டுதானே நினைக்கிறாங்க. சும்மா போய்க் கிண்டி என்னத்துக்கு?"

"அப்ப நீங்க இப்பிடியே இருப்பீங்களா?"

அவனால் இருக்கவும் முடியவில்லை. ஸலாஹுதீன் ஓட்டத்துக்கு வரும்போதெல்லாம் அவன் வேறு வேலை இருக்கிற மாதிரிக் கடற்கரைப் பக்கம் போனான். ஒருநாள் ஸலாஹுதீன் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்து, "அண்ணனுக்கு என்னோட கோவமா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் போவதென்று றொகான் முடிவு செய்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு இருவரும் போனார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் சின்னக் கல்வீடு. ஹவ்வா உம்மா கதிரைகளை இழுத்துப்போட்டு, "வாங்க மகன், இரிங்க மகள்" என்று வரவேற்றாள். ஸலாஹுதீன் சாரத்தோடு வந்து நின்றான். அறைவாசலில் திரைச்சேலை தொங்கியது. அதற்குள் பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டது.

தேத்தண்ணி வந்தது. றொகான் கோப்பையைக் கையில் எடுத்தான். குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உம்மா, அண்டைக்கு முன்னுக்குப் போன அந்தக் கார்..." என்று தொடங்கினான்.

"அது கொழும்புக் காரு மகன்" என்றாள் ஹவ்வா உம்மா அவசரமாக. "அத இப்ப என்னத்துக்கு? நடந்தது நடந்து போச்சு. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவனுக்குள் ஒரு நிம்மதி வந்தது. தெரியவில்லை, இவர்களுக்குத் தெரியவில்லை. அந்த நிம்மதி வந்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது. சுஜாந்தியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்திருந்தாள்.

"இல்ல உம்மா, அந்தக் கார்..."

"குடிங்க மகன், குடிங்க."

"சொல்ல உடுங்க மாமி" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்ராவின் குரல் உரத்து இல்லை. ஆனால் தெளிவாக இருந்தது. "அவர் சொல்லாட்டி நான் சொல்றன். எனக்கு நோவு தாங்க ஏலாம நான் கத்தக்குள்ள இவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'பயப்படாத அப்ரா, முன்னுக்குப் போறது நம்மட றொகான் அண்ணன். லைட்ட அடிச்சாப் போதும், ஒதுங்கிடுவாரு' எண்டாரு. எனக்கு அப்ப நோவே கொறஞ்சிச்சு."

"அப்ரா, வாயப் பொத்து" என்றான் ஸலாஹுதீன்.

றொகான் கோப்பையைக் கீழே வைத்தான். எல்லோருக்கும் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். மஸ்கட் பெட்டியைத் திறந்து நீட்டியபோதே ஸலாஹுதீனுக்குத் தெரியும். கொழும்புக் கார் என்ற பொய் றொகானுடைய முகத்தைக் காப்பாற்ற இந்த வீடு கூடிச் சொன்ன பொய். கபானாவின் ஓட்டத்தில் நடக்கும் வீடு வேறு எதைச் சொல்லும்?

ஸலாஹுதீன் பக்கத்தில் வந்து, தன்னுடைய பிழையை மறைப்பவன் போலத் தாழ்ந்த குரலில் பேசினான். "அவக்கு வெளங்காது அண்ணன். நீங்கதானே காட்டினீங்க, வெளிச்சம் பட்டாக் கண்ணாடி கறுத்துப்போகும் எண்டு. அதாலதான் எங்களத் தெரியல்ல. நான் அண்டைக்கே வீட்டுல செல்லிட்டன், கண்ணாடியாலதான் எண்டு."

தப்பிக்க ஒரு வாசல் அவனுக்காகத் திறந்தே கிடந்தது. ஓம், கண்ணாடியால்தான் என்று சொல்லியிருந்தால் ஸலாஹுதீன் சந்தோஷப்பட்டிருப்பான். ஹவ்வா உம்மாவும் இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றியிருப்பாள்.

"கண்ணாடி இல்ல ஸலாஹுதீன்" என்றான் றொகான். "உங்களத் தெரியல்ல எண்டது உண்மை. ஆனா ஆரோ அவசரமா வாறாங்க எண்டு தெரியும். பொம்புள ஒண்டு கை காட்டுது எண்டு இவ சொன்னா. நான் வேணுமெண்டுதான் பிறேக் பிடிச்சன். ரெண்டு தரம்."

ஹவ்வா உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தத் துணியைத்தான் அன்று அவள் வெளியே நீட்டி ஆட்டியிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. ஸலாஹுதீன் சுவரைப் பார்த்தான். பிறேக் விஷயத்தை அவன் தன் மனதுக்கும் வேறு விதமாகச் சொல்லி வைத்திருந்திருக்க வேண்டும். கல்லுக்காக, குழிக்காகப் பிடித்திருப்பார் என்று.

"நானும் பக்கத்திலதான் இருந்தன்" என்றாள் சுஜாந்தி. "இன்னும் கத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லல்ல."

பிள்ளை அழத் தொடங்கியது. அப்ரா அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"என்ட புள்ளய ரோட்டு மாத்தயா எண்டு சிரிக்கிறாங்க" என்றாள் அவள், உள்ளேயிருந்தே. "நான் ரோட்டுல பெத்தது சிரிப்பாப் போச்சு. ஏன் பெத்தன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அத அவங்க சிரிக்கிற இடத்திலயும் போய்ச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது ஹவ்வா உம்மா வழக்கம்போல வாசல் படலை வரை வரவில்லை.

அடுத்த நாள் காலையில் றொகான் ரஸாக்கின் தேத்தண்ணிக் கடைக்குப் போனான். கடலால் வந்தவர்கள் ஈரச் சாரத்தோடு வாங்கில்களில் இருந்தார்கள். ஸலாஹுதீன் அங்கே இருப்பான் என்று அவன் நினைக்கவில்லை. இருந்தான். யாகப்பு என்கிற, தோணிகள் வைத்திருக்கும் வயதான சம்மாட்டி ஸலாஹுதீனைக் காட்டி, "ரஸாக், ரோட்டு மாத்தயாவின்ட வாப்பாவுக்கு ஒரு பிளேன்டீ போடு!" என்றார். சிரிப்பு எழுந்தது.

"அண்டைக்கு வழி விடாத கார் என்ட கார்தான்" என்றான் றொகான்.

சிரிப்பு இன்னும் கூடியது. அவனும் பகிடி விடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஆகவே அதை அவன் இன்னொருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. முதல் தடவை சொன்னதைவிட அது கடினமாக இருந்தது. பிறேக் பிடித்ததையும் சொன்னான். சொல்லி முடித்தபோது ரஸாக்கின் கையில் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேணுமெண்டா பிடிச்சாய்?" என்று யாகப்பு கேட்டார்.

"ஓம்."

அவர் பாதி குடித்த கிளாசை வைத்துவிட்டு எழுந்து போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். ஸலாஹுதீன் கடை வாசலில் றொகானை மறித்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா அண்ணன்? இனி ஊர் என்னய என்ன செல்லும்? பொண்டாட்டிய ரோட்டுல பெறவச்ச ஆள்ட வாசல்லயே போய் ஓட்டத்துக்கு நிண்டவன் எண்டு செல்லும். உங்களுக்கு நெஞ்சு லேசாயிருக்கும். எனக்கு?"

ஸலாஹுதீனைப் பற்றி றொகான் நினைத்தே பார்க்கவில்லை. நெஞ்சு லேசாகவும் இல்லை.

ஸலாஹுதீன் சொன்னபடியே ஊர் கதைத்தது. அவன் கபானாவுக்கு வருவதை விட்டுவிட்டான். கற்பிட்டிச் சந்தியில் மற்ற ஆட்டோக்களோடு வரிசையில் நின்றான். ஓட்டம் குறைவு என்று சுஜாந்தி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். றொகான் ஆளனுப்பினான். வரவில்லை. மாதா கோயிலில் றொகானுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் நகர்ந்து இருக்கவில்லைதான். ஆனால் பூசை முடிந்து வெளியே நின்று கதைக்கும்போது அவன் வந்தால் கதை நின்றுவிடும். அதை அவன் பழகிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகத்தான் முகம் சுட்டது.

ஒன்று மட்டும் நடந்தது. "ரோட்டு மாத்தயா" என்ற பெயர் கடையிலும் கரையிலும் இல்லாமல் போனது. அந்தப் பெயரைச் சொன்னால் கூடவே மற்றக் கதையும் வரும், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அப்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போகிறாள் என்று சுஜாந்தி சொன்னாள்.

அடுத்த பருவம் தொடங்கி முதல் காற்று அடித்தபோது, ஒரு காலையில் கபானாவின் படலைக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. புத்தளத்துக்குப் போகிற வெள்ளைக்காரர்களின் நீளமான பட்டப் பைகள் காருக்குள் கொள்ளாது என்று, வேறு வழியில்லாமல் சுஜாந்திதான் ஸலாஹுதீனுக்குப் போன் எடுத்திருந்தாள். அவன் உள்ளே வரவில்லை. ஹோர்னும் அடிக்கவில்லை. இறங்கி, சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

றொகான் பைகளைத் தானே தோளில் சுமந்துகொண்டு போனான். கிட்டப் போனபோதுதான் கண்டான், பின் இருக்கையின் ஓரத்தில் அப்ரா பிள்ளையோடு இருந்தாள். கிளினிக் நாள். வழியில் கற்பிட்டியில் இறங்குவாள். முகத்தை மூடியிருக்கவில்லை. றொகானுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பையை இருக்கைக்கு முன்னால் தள்ளினான்.

"அங்கால வைங்க" என்றாள் அப்ரா. "புள்ளட கால் படுது."

"ஓம்" என்றான். பையை வெளியே இழுத்து, மறுபக்கம் சுற்றிப் போய் வைத்தான். ஸலாஹுதீன் கயிற்றை எடுத்து ஒரு முனையை அவனிடம் நீட்டினான். இருவரும் சேர்ந்து பையைக் கட்டினார்கள்.